கிச்சனர் துரையும் என் அப்பாவும்

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆர்ட்டிஸ்ட் வீரமுத்து என்று ஒருவர் இருந்தார். கடைகளுக்குப் போர்டு எழுதுவார், லாரிக்கு நம்பர் எழுதுவார். போட்டோவே எடுக்காமல் செத்துப்போனவர்களை, வீட்டார் அடையாளம் சொல்லச் சொல்ல வரைந்தும் தருவார். அவரை நினைத்தால் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் முதலில் நான் அவரைத் திட்டத்தான் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவரிடம் ஒரு கோளாறு. அவருடைய அப்பா முதல் உலக யுத்தத்துக்குப் பட்டாளத்தில் போய்விட்டுத் திரும்பும்போது கிச்சனர் பிரபுவின் படம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். வெள்ளைக்காரர்களின் பெரிய சேனாதிபதி. அடேயப்பா, என்ன மீசை, என்ன முறைப்பு! அதைப் பார்த்துப் பார்த்து வரைந்துதான் வீரமுத்துவுக்குக் கை படிந்தது. அதனால் யாரை வரைந்தாலும் கிச்சனர் வந்து நிற்பார். தொப்பியைக் கழற்றி, நெற்றியில் திருநீறு பூசி, தோளில் துண்டு போட்டுவிடுவார் வீரமுத்து, அவ்வளவுதான். திருமானூரிலிருந்து பாடாலூர் வரைக்கும் எத்தனை வீட்டில் அந்தத் துரை மாலை போட்டுக்கொண்டு முறைத்தாரோ! ஒருத்தரும் குறை சொன்னதில்லை. செத்துப்போன தாத்தா கம்பீரமாகத் தெரிந்தால் யாருக்குக் கசக்கும்?

என் அம்மா இருசம்மாளுக்குக் கசந்தது.

எங்களுக்கு ரெட்டிபாளையம். அம்மா சுண்ணாம்புக்கல் உடைக்கப் போவாள். அப்பா மாயவன் காய்ச்சலில் போனபோது எனக்கு ஐந்து மாதம். கூடப் பிறந்தவர்கள் யாரும் அவருக்கு இல்லை. எழுபத்தெட்டு ஆவணியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மணையில் உட்காருமுன் நான் அப்பா படத்தைக் கும்பிட வேண்டும், அவர் முகத்தை ஒருநாளாவது பார்த்துவிட வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். வீரமுத்துவிடம் அடையாளமெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது படத்தை வாங்கப் போனோம். வீரமுத்து துணியை விலக்கினார். சுவரில் மாட்டியிருந்த கிச்சனரே திருநீறு பூசிக்கொண்டு முறைத்தார். அம்மா கிட்டே போய்ப் பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள்.

"இவரு யாருங்கண்ணே? எம் புருசன் மீசையே வைக்கலீங்களே."

"மீசை இருந்தா ஒரு களை இருக்கும்மா."

"களை எதுக்குங்க? அவரு சிரிச்ச மொகமுங்க." அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

எனக்கு வந்ததே கோபம்! "துரையக் கும்புட்டுட்டுத்தான் நான் தாலி கட்டிக்கணுமா? சொன்னத வரையத் தெரியாத ஒங்களுக்கு எதுக்குங்க பிரஷ்ஷு?" என்று கத்திவிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "அண்ணே, அங்க பாருங்க. கோவம் வந்தா அவருக்கும் இப்புடித்தான் கீழ்உதடு மடியும். சிரிச்சாலும் இவ மாதிரிதான்."

வீரமுத்து கிட்டே வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். என்னை ஸ்டூலில் உட்காரவைத்துத் முடி தெரியாமல் தலையில் துண்டைக் கட்டிவிட்டார். சுவரிலிருந்த கிச்சனர் படத்தை முகம் சுவர்ப்பக்கம் போகத் திருப்பி மாட்டினார். "இவரு பாத்துக்கிட்டு இருந்தா கை தானா அங்க போயிரும்மா" என்றார். அடுத்த மூன்று நாளும் நான் போய் உட்கார்ந்தேன். என்னைச் சிரிக்கவைக்க அவர் பட்ட பாடு! அப்பாவுக்கென்று வரைந்த படத்தின் மீதே துரையின் மீசையை அழித்து, முறைப்பை அழித்து, மெல்ல மெல்ல வேறு முகம் கொண்டுவந்தார். முடியும்வரை அதை என் கண்ணில் காட்டவில்லை.

கல்யாணத்தன்று பந்தலில் படத்தைத் திறந்தார்கள். அப்பாவோடு கல் உடைத்த அரியமுத்து மாமா, "ஏ மாயவா, மவ கல்யாணத்துக்கு வந்துட்டியாடா!" என்று ஓவென்று அழுதுவிட்டார். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு படத்தின் பக்கத்திலேயே நின்றாள். நான் விழுந்து கும்பிட்டேன்.

பந்தியில் உட்கார்ந்திருந்த வீரமுத்துவிடம் போய் அவர் காலையும் தொட்டேன். "எனக்கு வெவரம் தெரிஞ்சு எங்கப்பாவப் பாத்ததே இல்லீங்க. நீங்கதான் காட்டுனீங்க" என்றேன்.

சோற்றுக் கையோடு அவர் கூச்சப்பட்டுப் போனார். "நான் எங்கம்மா காட்டுனேன்? அவரு ஒன் மொகத்துலதான் இருந்தாரு. குறுக்க நின்ன துரையத்தான் நான் நவுத்துனேன்" என்றார்.

அம்மா பாயச வாளியோடு ஓடிவந்து அவர் இலையில் நிறைய ஊற்றினாள்.