சான்றிதழ் புதுப்பிக்கிறவன்

ஜாவா அப்ளிகேஷன்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் பார்த்துக்கொள்கிற வேலையில் ஒரு விசேஷம்: ஒழுங்காகச் செய்தால் நீங்கள் உயிரோடு இருப்பதே யாருக்கும் தெரியாது. காலாவதியான சான்றிதழை ஒரு சர்வர் இன்னொன்றிடம் நீட்டினால் பேச்சு நின்றுவிடும். அப்போதுதான் நம் பெயர் எல்லோருக்கும் ஞாபகம் வரும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

மீட்டிங்கில் சத்தம்

பிள்ளையார்பாளையத்தில் மாடி அறை ஒன்றில் தனியாகத் தங்கி வேலை பார்க்கிறேன். கீழ்வீட்டில் காலையிலிருந்து தறி ஓடும். எனக்குப் பழகிவிட்டது. ஒருநாள் ஆன்லைன் மீட்டிங்கில், மாதக்கணக்கில் வாய் திறக்காத நான், எந்தெந்தச் சான்றிதழ் முடியப்போகிறது என்று சொல்ல மைக்கைப் போட்டேன். இரண்டு வரி பேசியிருப்பேன். சென்னையிலிருந்து மேனேஜர் குறுக்கிட்டார்.

"யாருப்பா அது, கதவத் தட்டிக்கினே இருக்காங்க? போய்த் தொறயேன்!"

இரண்டு ஜாவா

எங்கள் கம்பெனி பார்த்துக்கொள்கிற கடைகளில் ஒன்று சலீம் பாயின் பட்டுக்கடை. முகூர்த்த மாதத்தில் அவருடைய ஆன்லைன் ஆர்டர் நின்றுபோனது. ஆர்டருக்குப் பணம் வாங்கித் தருகிற பேங்க் சர்வர் புதுச் சான்றிதழுக்கு மாறிவிட்டது. கடை கம்ப்யூட்டரில் இருந்த ஜாவா மென்பொருள் அதை நம்ப மறுத்தது. போனில் அவரை வைத்துக்கொண்டே, இங்கிருந்தபடியே அந்தக் கம்ப்யூட்டருக்குள் போய், ஜாவாவின் நம்பிக்கைப் பட்டியலில் அதைச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்தேன். மறுபடி அதே எரர். பிறகுதான் பார்த்தேன், அந்த மெஷினில் பழசும் புதுசுமாக இரண்டு ஜாவா. ஓடாத ஜாவாவில் சேர்த்துவிட்டு ஓடுகிறதைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டு மணி நேரம் போயிற்று. அதற்குள் பாய் தன் மகள் கல்யாணம், முட்டி வலி எல்லாம் சொன்னார், நான் சாப்பிட்டேனா என்றும் கேட்டார். அந்த வாரத்தில் என்னிடம் அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். ஆர்டர் வர ஆரம்பித்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது.

"சரியாயிட்சா? அப்ப வெச்சுடவா தம்பி?"

ஒரு கடை பாக்கி

புதுச் சான்றிதழைத் தானே எடுத்து எல்லாக் கடைகளிலும் போட்டுக்கொள்ளும் புரோகிராம் ஒன்றை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். கடைகளின் பட்டியலில் சலீம் பாய் கடையை மட்டும் சேர்க்கவில்லை. மறதி இல்லை, வேண்டுமென்றேதான். அது நின்றால்தானே அவர் கூப்பிடுவார்?

இரண்டு நாள் தாங்கினேன். முகூர்த்த மாதத்தில் அவர் கடை என்னால் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்ததும் வெட்கமாகிவிட்டது. சேர்த்துவிட்டு, நானே போன் போட்டு, இனி அந்தக் கோளாறு வராது என்றேன். பாய்க்கு ஒரே சந்தோஷம்.

"ரொம்ப நல்லதாப் போச்சு தம்பி! இனிமே ஒங்களத் தொந்தரவே பண்ண மாட்டேன்."

ஆகவே சக தொழிலாளிகளே, என் புரோகிராம் இன்றுவரை ஒருமுறைகூடப் பழுதாகவில்லை என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.