அவளுடைய ஆங்கிலம் அவளுடையதுதான்

ஒரு மாணவியின் கட்டுரை அவள் எழுதியதாக இருக்காது என்று நான் எழுதிக் கொடுத்தேன். அவள்தான் எழுதினாள் என்று தெரிந்த பிறகு எழுதிக் கொடுத்தேன்.

இரண்டாவது வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். முதல் வாக்கியத்தோடு நின்றால் என்னை மன்னித்துவிடுவீர்கள். ஆசிரியை என்றால் சந்தேகப்படத்தானே வேண்டும் என்பீர்கள். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம்!

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். எம்.ஏ. வரலாறும் தமிழும் படிப்பவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை எழுத, வேலைக்கு விண்ணப்பிக்க உதவும் ஆங்கிலம். நடத்துவது என்ன... நோட்ஸ் கொடுப்பேன், மனப்பாடம் செய்வார்கள். நானும் அப்படிப் படித்து வந்தவள்தான். யாரோ எழுதியதைப் பிசகாமல் ஒப்பிப்பதற்குப் பெயர்தான் ஆங்கிலம் என்று என் மண்டையில் ஏறியிருந்தது. முப்பது பேரும் ஒரே மாதிரி ஆரம்பித்தால் ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள் என்று நினைப்பேன். ஒருவர் மட்டும் வேறு மாதிரி எழுதினால், எங்கிருந்து சுட்டது என்று தேடுவேன். இந்தக் கோணல் எனக்கு அப்போது கோணலாகவே தெரியவில்லை.

இசக்கியம்மாள் வரலாற்று மாணவி. முத்தையாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். முத்துக்குளிப்பு பற்றிய பழைய அரசாங்கப் பதிவுகளை வைத்து ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை கொடுத்தாள். சின்னச் சின்ன வாக்கியங்கள். அலங்காரம் ஒன்றும் இல்லை. ஒரு இடத்தில் இப்படி எழுதியிருந்தாள்: “படகுகளின் எண்ணிக்கை பதிவில் இருக்கிறது. மூழ்கியவர்களின் பெயர்கள் இல்லை. பெயர் தேவைப்படவில்லை என்பதும் ஒரு தகவல்.”

நான்கு முறை படித்தேன். இத்தனை வருடம் ஆங்கிலம் நடத்தி, இப்படி மூன்று வரி நான் எழுதியதில்லை... அந்த நிமிடமே அவளைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டேன்.

இணையத்தில் ஒவ்வொரு வரியாகப் போட்டுத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டேன். அதுவும் சுத்தம் என்றது. அப்போதாவது நிம்மதி வந்திருக்க வேண்டாமா? எனக்குச் சந்தேகம் இன்னும் தடித்தது. இப்போதுதான் கைப்பேசியே கட்டுரை எழுதிக் கொடுக்கிறதே, அதில் கேட்டு வாங்கியிருப்பாள் என்று முடிவு கட்டினேன்.

கூப்பிட்டுக் கேட்டேன். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை.

“இங்கனயே உக்காந்து எழுதுதேன் மேடம். நீங்க என்ன தலைப்பு குடுத்தாலும் எழுதுதேன்.”

ஒரு வெள்ளைத்தாள் கொடுத்திருந்தால் அரை மணி நேரத்தில் விஷயம் தீர்ந்திருக்கும். நேரமில்லை என்று அனுப்பிவிட்டேன். நேரம் இருந்தது. எழுதிக் காட்டிவிடுவாளோ என்று பயந்தேன்!

மத்தியானத்துக்கு மேல் துறைமுகச் சாலையில், கப்பல் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஆபீஸில் கடிதம் டைப் செய்வதாகச் சொல்லியிருந்தாள். அதையும் நம்பவில்லை. ஒரு நாள் நேரில் போனேன். உறவுக்காரருக்கு ஏதோ சரக்கு வருகிறது, விசாரிக்க வந்தேன் என்று பொய் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்து எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு, வேலையைத் தொடர்ந்தாள்.

கன்டெய்னர் ஒன்று தாமதமாகி, கப்பல் கம்பெனி இவர்கள் மேல் பழி போட்டிருந்தது. அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். முதலாளி அண்ணாச்சி வாங்கிப் பார்த்துத் திருப்பித் திருப்பிக் கொடுத்தார்.

“ஏளா, வேண்டாத வார்த்தை ஒண்ணு கெடந்தா அவன் அதப் புடிச்சுத் தொங்குவான். அவன் எழுதாம விட்டது என்னன்னு பாரு. அத மட்டும் கேளு.”

நான்காவது முறை அவள் கொண்டுவந்த தாளில் ஐந்தே வரிகள் இருந்தன. மேசையில் கிடந்ததை எட்டிப் படித்தேன். அதே கை... முத்துக்குளிப்பு பற்றி எழுதிய அதே கை! எழுதாமல் விட்டதைப் பார்க்க அவள் எங்கே படித்தாள் என்று புரிந்துபோயிற்று. என் வகுப்பில் அல்ல.

சந்தோஷப்பட்டிருக்கலாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பட்டப்படிப்பு முடித்தாரோ என்னவோ, ஒரு கிளியரிங் ஆபீஸ் அண்ணாச்சி செய்ததை நான் செய்யவில்லையே என்ற எரிச்சல்.

வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஆய்வுப் பயிற்சிக்கு அந்தக் கட்டுரையை இணைத்து அவள் விண்ணப்பித்திருந்தாள். என்னிடம் ரகசியப் பரிந்துரை கேட்டு அங்கிருந்து படிவம் வந்தது. அந்த ஆபீஸிலிருந்து திரும்பிய மறுநாள் காலை அதை நிரப்பினேன். நல்ல பெண், உழைப்பாளி என்றெல்லாம் எழுதினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: “இணைத்துள்ள கட்டுரை அவரது சொந்த எழுத்தாக இருக்க வாய்ப்பில்லை.”

அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. காரணம் அவர்கள் சொல்வதில்லை.

மூன்று வருடம் கழித்து, போன மாதம் கல்லூரிக்கு வந்தாள். அதே ஆபீஸில்தான் இருக்கிறாளாம். மறுபடி விண்ணப்பிக்கப் போகிறாளாம், பரிந்துரை நான்தான் தரவேண்டுமாம்.

“போன தடவ நீங்க நல்லாத்தான் எழுதியிருப்பீங்க மேடம். என் இங்கிலீஷ்தான் பத்தல.”

அதற்காகக் கோச்சிங் போயிருக்கிறாள்! புதுக் கட்டுரையை நீட்டினாள். வாங்கிப் படித்தேன். நீளநீளமான வாக்கியங்கள், கனமான சொற்கள், முத்தின் பெருமை, கடலின் தொன்மை... யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். அவள் அதில் எங்கேயும் இல்லை. இது நான் செய்த வேலை. வேறு யாருமல்ல.

நன்றாக இருக்கிறது என்றேன். வேறென்ன சொல்வது? பழையதுதான் சிறப்பு என்றால், பிறகு ஏன் மேடம் கிடைக்கவில்லை என்று கேட்பாளே...

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அந்தப் பார்வையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். தெரிந்துதான் வந்தாளா? நான் சொல்லாமல் விட்டதைத் தேடினாளா? அல்லது வெறும் மரியாதையா? அவளைச் சந்தேகப்படுவதை நான் இன்னும் நிறுத்தவில்லை, பாருங்கள்.

கிளம்பும்போது வாசலில் நின்றாள்.

“பழைய கட்டுரை உங்ககிட்ட இருக்கா மேடம்? நான் கிழிச்சுப் போட்டுட்டேன். எங்கெங்க தப்புன்னு பாக்கணும்.”

என் மேசை இழுப்பறையில் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதில் ஒரு தப்புகூடக் கிடையாது.

இல்லையே அம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.