மாமாவின் முடியில் கறி

அடுத்த வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று தெரியாவிட்டால் சிலருக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவர்களை ஊர் திட்டும். மோப்பக்காரிக்கு மட்டும் அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர் அது. தோழிகள் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்பே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவாள். யாரிடமும் வாய்விட்டுக் கேட்க மாட்டாள். கேட்டால் பொய் சொல்வார்கள் என்பது அவள் கட்சி. வளர்ந்து, பெரிய படிப்பெல்லாம் படித்து, கடைசியில் பொய் சொல்ல வாயே இல்லாதவர்களிடம் போய்ச் சேர்ந்தாள். மண்ணுக்கடியிலிருந்து தோண்டி எடுத்த பழங்கால மனிதர்களின் எலும்பை வைத்து, அவர்கள் உயிரோடிருந்தபோது என்ன தின்றார்கள் என்று கண்டுபிடிக்கிற ஆய்வுக்கூட வேலை.

தெருவில் 'எலும்பு டாக்டர்' என்று பெயர் பரவிவிட்டதால் மூட்டுவலிக்காரர்கள் வாசலில் வந்து நிற்பதுண்டு. "நீங்க செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆகட்டும், அப்புறம் பாக்கிறேன்" என்று அனுப்பிவிடுவாள்.

எலும்பில் ஒரு துணுக்கை அறுத்து, நீர்த்த அமிலத்தில் ஊறப்போட்டால் கல் பாகமெல்லாம் கரைந்து, ரப்பர் மாதிரி வளைகிற புரதம் மட்டும் மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து உலர்த்தினால் பஞ்சு போலாகும். அதில் துளியளவை எடுத்து மெஷினுக்குக் கொடுத்தால், மெஷின் அதை எரித்து, நைட்ரஜனிலும் கார்பனிலும் கனமான அணு எவ்வளவு, லேசானது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும். புல்லில் கனமான நைட்ரஜன் கொஞ்சம். புல்லைத் தின்ற ஆட்டில் அதைவிட அதிகம். ஆட்டைத் தின்ற ஆளிடம் இன்னும் அதிகம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன்கூட இந்த மெஷினிடம் தப்ப முடியாது.

இவ்வளவு திறமையை ஆபீசோடு நிறுத்திக்கொள்ள அவளால் முடியுமா? வீட்டில் மாமனார் இருந்தார்.

மாமியார் போன பிறகு மாமா இவர்களோடுதான் இருக்கிறார். சிறுநீரகம் பலவீனம். கறியை நிறுத்த வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். டாக்டர் எட்டடி என்றால் மோப்பக்காரி பதினாறடி. கறியோடு உப்பையும் நிறுத்தினாள், கூடவே எண்ணெயையும் காரத்தையும் நிறுத்தினாள். காலையில் காய்களை வேகவைத்து, மசித்து, மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். அவளுக்கு மதியச் சாப்பாடு ஆய்வுக்கூடத்துக் கேன்டீனில். கணவர் ரயில் ஓட்டுகிறவர். எந்த வேளைக்கு எந்த ஊரில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது.

சாயங்காலம் வந்தால் பாத்திரம் காலியாகக் கழுவிக் கவிழ்த்திருக்கும். "மத்தியானம் சாப்பிட்டதே வயித்துல நிக்குதும்மா" என்று இரவில் மாமா டீயோடு முடித்துக்கொள்வார். ஆனால் ஆள் துரும்பாக இளைத்துக்கொண்டே வந்தார். இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்று டாக்டர் கையை விரித்தார். அதே ஆஸ்பத்திரிக்குள் போன மாமியார் திரும்பி வரவில்லை. மாமாவும் போய்விடுவாரோ என்று அவள் நிஜமாகவே பயந்தாள்.

பயம் வந்தால் சிலர் அழுவார்கள். மோப்பக்காரி துப்பறிவாள். வேளாவேளைக்குப் பத்தியமாகச் சாப்பிடுகிற மனிதர் ஏன் தேறவில்லை? திருட்டுத்தனமாக வெளியே கறி வெட்டுகிறார். வேறென்ன?

முதலில், தெருமுனையில் வறுத்த கறி விற்கும் கடைக்காரரைப் பிடித்தாள்.

"ஐயாவா? வருவாரே. கொஞ்ச நேரம் நிப்பாரு, பேசிட்டுப் போயிடுவாரு. எதுவும் வாங்க மாட்டாரு."

வாசனை பிடித்துவிட்டுப் போக அவரென்ன பூனையா? கூட்டுக்களவாணி என்று முடிவு கட்டிவிட்டு வந்தாள்.

எலும்பைக் கேட்க முடியாது. மாமா இன்னும் அதை உபயோகித்துக்கொண்டிருந்தார். ஆனால் முடியும் புரதம்தான். நுனியில் பழைய கணக்கு, வேரருகே புதிய கணக்கு. மாமியார் போனதிலிருந்து மாமா முடிவெட்டிக்கொள்ளவே இல்லை, பின்கழுத்தில் புரண்டுகொண்டிருந்தது.

"மாமா, உக்காருங்க. நான் வெட்டி விடுறேன்."

"உனக்கு எதுக்கும்மா சிரமம்?" என்றாலும் அவர் சந்தோஷமாகத் தலையைக் குனிந்து கொடுத்தார். அவள் ஒரு கொத்தை வேரை ஒட்டி நறுக்கி, யாருக்கும் தெரியாமல் காகிதத்தில் மடித்துக்கொண்டாள்.

மெஷின் ஏமாற்றவில்லை. நுனியிலிருந்து வேருக்கு வர வர, நைட்ரஜன் கோடு மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறியது. மோப்பக்காரிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அன்று கணவரும் வீட்டில் இருந்தார். சாப்பாட்டு மேஜையில், தட்டுகளை நகர்த்திவிட்டுத் தாளை விரித்தாள்.

"இது உங்க முடி மாமா. இங்கேருந்து பாருங்க, கறி ஏறிக்கிட்டே போகுது. இப்பவாவது ஒத்துக்குங்க."

கணவர் தாளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு கவனமாகத் தன் தலையைத் தடவிக்கொண்டார்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டை நிதானமாகப் பார்த்தார். "நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான்ம்மா இருக்கும்" என்றார். "இனிமே சாப்பிடல."

அன்றைக்கு அவள் குறட்டைவிட்டுத் தூங்கினாள்.

மறுநாள் அந்தத் தாளை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய், மெஷின் பார்க்கும் தோழியிடம் கதை அளந்தாள். தோழி வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தாளைப் பார்த்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"கார்பன் ஏன் இறங்குது?"

"எங்கே?"

"கீழ இருக்கே, இந்தக் கோடு. கறி தின்னா ரெண்டும் சேர்ந்துல்ல ஏறணும்? இது ஏறுது, அது இறங்குது. இதை நீதானே பசங்களுக்கு வகுப்புல நடத்துறே?"

நடத்துகிறவள்தான். உள்ளே சாப்பாடு போகவில்லை என்றால் உடம்பு தன் கொழுப்பையும் சதையையும் எடுத்து எரிக்கும். கொழுப்பு எரிந்தால் கார்பன் இறங்கும்; சொந்தச் சதை எரிந்தால் நைட்ரஜன் ஏறும், கறி தின்றது போலவே. கறியைத் தேடிப் போனவள் நைட்ரஜன் கோட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தாள். மாமா யாருடைய கறியையும் தின்னவில்லை. பட்டினி கிடந்து தன்னையே தின்றுகொண்டிருந்தார்.

 பையை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பினாள்.

வீட்டில் மாமா பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். கையில் மதியச் சாப்பாட்டுத் தட்டு. எதிரே தெருநாய் ஒன்று.

"சாப்பிடுடா ராஜா. பாவம், காலைல எந்திரிச்சு செஞ்சு வெச்சிருக்கா. கீழ கொட்டினா மனசு கேக்க மாட்டேங்குது. நேத்து சாப்பிட்டியே, இன்னிக்கு மட்டும் என்ன?"

நாய் தட்டை மோந்து பார்த்தது. மரியாதைக்கு ஒரு தடவை வாலை ஆட்டிவிட்டு, எழுந்து தெருப்பக்கம் போய்விட்டது.

திரும்பிய மாமா அவளைப் பார்த்துவிட்டார். தட்டை மறைக்க இடமில்லை.

 அவள் வந்து பக்கத்தில் படியில் உட்கார்ந்து, தட்டை வாங்கி, ஒரு பெரிய வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். தினமும் சமைத்ததே தவிர, அதை அவள் ருசி பார்த்தது அதுதான் முதல் தடவை. ஊறிய காகிதத்தை மென்றால் இப்படித்தான் இருக்கும். கண்ணில் தண்ணீர் வந்தது; அதில் பாதி அழுகைதான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மாமா?" என்றாள், கவளத்தை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு.

"கடைக்காரர்கிட்டக் கேட்டியாமே. முடிகிட்டயும் கேட்டே. என்கிட்ட மட்டும் நீ கேக்கவே இல்லையேம்மா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வாயில் இருந்தது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.  மாமா தன் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் மெதுவாக நகர்த்தினார்.

"மெல்லாதே. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, தண்ணியோட ஒரே முழுங்கா முழுங்கிடு. ஆரம்பத்துல நானும் அப்படித்தான் சமாளிச்சேன்."