துரைக்கண்ணு சரி செய்த ஸ்டியரிங்

எட்டு வருஷமாக மயிலாப்பூரில் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு நான் பெருமையாக நடமாடி வருகிறேன். என் காரின் பவர் ஸ்டியரிங்கை நானே சரி செய்தேன் என்பது அந்தப் பொய். சரி செய்தவர் அடையாறு மெக்கானிக் துரைக்கண்ணு. போன செவ்வாய்க்கிழமை காலை, அவர் ஷெட்டுக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் சைக்கிளில் வந்து, "நம்ம தொரை பூட்டாரு சார்" என்றபோது முகமெல்லாம் சவர நுரையோடு வாசலில் நின்றேன். துக்கப்படக்கூட லாயக்கான முகம் இல்லை.

அவரிடம் வண்டி விட்டவர்களுக்கு அவரைத் தெரியும். ஸ்பேனரை எடுக்குமுன் ஸ்டியரிங்கை இரண்டு விரலால் அப்படியும் இப்படியும் அசைத்துக்கொண்டே இருப்பார். தி.நகர் ஜவுளிக்கடை முதலாளி ஒருவர், "சீக்கிரம் ஆகட்டுமய்யா" என்று குதித்தபோது, "வண்டி இன்னா சொல்லுதுன்னு கேட்டுக்கினு கீறேன் மொதலாளி. நீங்க அப்பால சொல்லுங்க" என்றார். முதலாளி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

எட்டு வருஷத்துக்கு முன் என்னிடம் ஒரு பழைய அமெரிக்கக் கார். கூரையை மடிக்கலாம், மறுபடி விரிப்பதுதான் பாடு. மச்சினி கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு ஜானவாச ஊர்வலம் அதில்தான் என்று மாமனாரிடம் வலியப் போய் வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் ஸ்டியரிங்கைக் கால்வாசி திருப்பும்வரை சக்கரம் அசையவே அசையாது. ஜனக்கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்து போகிற வண்டிக்கு இவ்வளவு ஆட்டம் ஆகாது. எனவே ஜானவாசத்தன்று காலை, காரோடு வந்த புத்தகத்தைப் பார்த்து, கட்டியிருந்த பட்டு வேஷ்டியோடே அடியில் படுத்து, ஸ்டியரிங் பாக்ஸில் ஆட்டத்தைக் குறைக்கும் திருகை நானே இறுக்கினேன். ஆட்டம் போகவில்லை. இன்னும் இறுக்கினேன். புது வியாதி வந்தது: வளைத்த சக்கரம் வளைந்தபடியே நின்றது.

துரைக்கண்ணுவுக்கு ஆள் அனுப்பினேன். கூடவே மாமனாரும் வந்து நின்றுகொண்டார். துரைக்கண்ணு குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"திருகுல புதுக் கீறல் கீது சார். யாரோ கை வச்சிருக்காங்க."

"எந்த மடையன்?" என்றார் மாமனார்.

நான் தென்னை மரத்தைப் பார்த்தேன். துரைக்கண்ணு என்னைப் பார்த்தார்.

"எவனோ தெரியல சாமி. நல்லவன்தான். அவசரக்காரன்."

"சாயங்காலம் ஓடுமா, ஓடாதா? சம்பந்தி முன்னாடி மானம் போயிடும்."

"ஓடும். ஓடலன்னா தொரைக்கண்ணு இனிமே ஸ்பேனர் எடுக்க மாட்டான்."

கோளாறு திருகில் இல்லவே இல்லை. பாக்ஸை வண்டிச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளர்ந்து, திருப்பும்போதெல்லாம் பாக்ஸே நகர்ந்திருக்கிறது. அவற்றை இறுக்கினார். பிறகு சக்கரங்களை நேராக நிறுத்தி, என் கைவேலையைத் தளர்த்தி, மயிரிழை மயிரிழையாகத் திருகை வைத்தார். "நேரா நிக்கிறப்பதான் இதுக்குப் பிடிப்பு ஜாஸ்தி. வளைச்சு வச்சிட்டுத் திருகினா நேராப் போறப்ப மாட்டிக்கும்" என்றார்.

சாயங்காலம் அவரே ஓட்டினார். முன்னால் நாதஸ்வரம், பம்பருக்கு ஒரு முழம் தள்ளிக் குழந்தைகள். மாடவீதியின் ஒவ்வொரு மூலையிலும் வளைத்துவிட்டுப் பிடியைத் தளர்த்துவார். ஸ்டியரிங் தானாக நேருக்கு வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, இவரைத் தெரியும் என்பதே ஓர் அந்தஸ்தாகப் பட்டது. காரோடு நடந்துவந்த சம்பந்தி, "வண்டியை யார் பாத்துக்கறா?" என்று கேட்டார்.

"எங்க பெரிய மாப்பிள்ளைதான். காத்தாலேர்ந்து அடியில படுத்துண்டு தானே சரி பண்ணினார்" என்றார் மாமனார்.

நான் வாயைத் திறக்கவில்லை. துரைக்கண்ணுவும் திறக்கவில்லை. அன்றும் இல்லை, அப்புறம் எட்டு வருஷமும் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம்: எதையும் இறுக்குமுன் அது எதில் நிற்கிறது என்று பார்ப்பது. மனைவியோடு வாதாடும்போதும் முயல்கிறேன். பாதி நாள் மறந்துவிடுகிறது.

சாவு வீட்டிலிருந்து திரும்பும்போது, கூட வந்திருந்த மாமனாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"தெரியுமே மாப்பிள்ளை" என்றார் அவர். "கெடுத்தது நீங்கதான்னும் தெரியும். அன்னிக்கு நீங்க வண்டியில ஏறறப்ப பட்டு வேஷ்டி பின்பக்கம் முழுக்கக் கிரீஸ், சம்பந்தியும் பாத்துட்டார். சம்பந்திகிட்ட அதுக்கு வேற என்ன காரணம் சொல்றது?"