ஜீப்புக்குப் போட்ட மாலை

என் கணவரின் டீசல் ஜீப் எங்கள் கல்யாணத்துக்கும் மூத்தது. ஆயுத பூஜையன்று எங்கள் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் கனமான மாலை வாங்கி, ஜீப்பின் முகப்பு மறைய நான்தான் கட்டினேன். "எம் புள்ளைக்கு என்னா அழகு!" என்று ஜீப்பைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

மறுநாள் அதே மாலையோடு சிவகிரிக்குக் கிளம்பினோம். பாதி வழியில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. ஓரங்கட்டிப் பார்த்தார். பெல்ட் அறுந்திருக்கவில்லை, ஒழுகலும் இல்லை. பதற்றத்தில் ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார்.

"ஏங்க, தொடாதீய! கொதிக்கித தண்ணி மூஞ்சில அடிச்சிரும்!" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

சூடு ஆறியபின் திறந்தால், தண்ணீர் நிறைய இருந்தது. அப்புறம்தான் மாலையைக் கவனித்தார். ரேடியேட்டருக்குக் காற்றே போகாமல் அடைத்துக்கொண்டிருந்தது.

"ஏட்டி, புள்ளைக்கு மூச்சு முட்ட வச்சிட்டியே!" என்று சிரித்தார். கழற்றியபின் முள் ஏறவே இல்லை.

இப்போது மாலையைக் கழற்றிய பிறகே வண்டியை எடுக்கிறோம். உள்ளே கண்ணாடியில் ஒரு முழம் மல்லிகை மட்டும். மிச்சப் பூ என் தலைக்கு. இத்தனை வருடத்தில் அந்த ஜீப் எனக்கு விட்டுக்கொடுத்தது அது ஒன்றுதான்.