பன்னிரண்டு மணி மிஸ்டு கால்

போன செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு என் போன் அடிக்கவில்லை. கம்பைநல்லூர் மண்டியில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டேகால் ஆனதும் கையைத் துடைத்துக்கொண்டு நானே கூப்பிட்டேன். மாது அண்ணன் வீட்டுக்காரம்மா எடுத்தார். "காலையில நெஞ்சு வலிக்குதுன்னாருங்க. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் வந்தாரு." நான் "சரிங்கக்கா" என்றேன். மண்டியில் ஒரு ஆளை விடாமல் நையாண்டி செய்கிற வாய்க்கு அன்றைக்கு அவ்வளவுதான் வந்தது.

குடியை விட்ட ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்து ஆட்களே, நான் நாலாவது வகுப்புத் தாண்டாதவன். அண்ணனைப் பற்றி எழுதிக்கொண்டு வந்து படி என்றது நீங்கள்தான். தப்பிருந்தால் உங்களையே திட்டிக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணன் அதியமான்கோட்டையில் ரோட்டோரம் பஞ்சர் கடை வைத்திருந்தார். குடியை விட்டுப் பல வருடம் ஆனவர். பன்னிரண்டு மணிக்கு ஒயின் ஷாப் திறக்கும். அதே நேரத்துக்கு நம் எல்லாருக்கும் அவரிடமிருந்து ஒரு மிஸ்டு கால் வரும். குடிக்காமல் இருந்தால் நாமும் ஒன்று திருப்பிக் கொடுக்க வேண்டும். "பேசறதுக்குத்தான் இப்ப தனியா காசே இல்லியே, ரெண்டு வார்த்தை பேசினா என்னங்கண்ணா, வாயில டியூப் வெடிச்சிருமா?" என்று ஒரு நாள் சீண்டினேன். "பேசவுட்டா நீ சாக்கு சொல்லுவ கோவிந்தா. வெறும் மணி அடிச்சா என்ன சாக்கு சொல்லுவ?" என்றார்.

நான் கூட்டத்தைத் தேடி வந்த கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேரும் சிரியுங்கள். ஆஸ்பத்திரி நர்சம்மா, "தருமபுரியில சர்ச்சுக்குப் பின்னால ஒரு ரூம், ஞாயிறு சாயந்தரம். எழுந்து பேரைச் சொல்லு, குடிகாரன்னு ஒத்துக்க, போதும்" என்று அனுப்பினார். முதலில் தெரிந்த ரூமுக்குள் போனேன். இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மனசு மாறுவதற்குள் எழுந்து, "என் பேரு கோவிந்தனுங்க. நான் குடிகாரனுங்க" என்றேன். ஒரு பெண் மெதுவாகத் திரும்பிப் பக்கத்திலிருந்த பையனை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணம் ஆகப்போகிற ஜோடிகளுக்கு நடக்கிற வகுப்பாம் அது.

பக்கத்து ரூமிலிருந்து அண்ணன் ஓடி வந்து என் தோளில் கை போட்டார். "வாங்க தம்பி. இவங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. நம்ம ஆளுங்க அந்தப் பக்கம்."

அங்கே எனக்கு அரை டம்ளர் டீ கொடுத்தார். "ஏனுங்க, எனக்கு மட்டும் பாதி?" என்றேன். காதோரம் வந்து, "முழுசா ஊத்தினா கை நடுங்கறது எல்லாருக்கும் தெரிஞ்சிரும்" என்றார். அதற்கு முன் என் கை நடுங்கியதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அதற்காக டீயைக் குறைத்தவர் அவர் ஒருவர்தான்.

மூன்றாம் மாதம் நான் வழுக்கினேன். அவருடைய மிஸ்டு கால் வந்தபோது ஒயின் ஷாப் வாசலில் நின்றிருந்தேன். திருப்பிக் கொடுக்கவில்லை. சாயந்தரம் வீட்டு வாசலில் அண்ணனின் லொடலொட மொபெட். கையில் பஞ்சர் ஒட்டும் பசை காயவில்லை.

"போன்ல சார்ஜ் இல்லீங்கண்ணா" என்றேன், நாற்றத்தோடு.

"நானும் அப்படித்தான் சொல்லுவேன். எங்க வூட்ல ஒம்போது வருசம் சார்ஜே ஏறல" என்றார். திட்டவில்லை. என் பெண்டாட்டியிடம் களி கேட்டு வாங்கி இரண்டு உருண்டை சாப்பிட்டார். கிளம்பும்போது, "நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு" என்றார். அவ்வளவுதான்.

புதன்கிழமை சாவு எடுப்பு. நம் ஆட்கள் பதினாலு பேர் போயிருந்தோம். "நீங்க எல்லாம் என்ன சொந்தம்?" என்று அவர் பங்காளி ஒருவர் கேட்டார். கூட்டத்தைப் பற்றி வெளியில் சொல்லக் கூடாதே. "பஞ்சர் போட வர்றவங்க" என்றோம் எல்லாரும். அவர் வண்டிகளைத் தேடினார். நாங்கள் பஸ்ஸில் வந்திருந்தோம்.

எழவு வீட்டில் பாடை தூக்குகிற ஆளுக்கு ஊற்றிக் கொடுப்பது நம் பக்கம் வழக்கம்தானே. பங்காளி ஒரு பிளாஸ்டிக் டம்ளரை என் கையில் திணித்தார். "ஒரு வாய் போட்டுக்குங்க, தோளு வலிக்காது." வாசனை மூக்கில் ஏறியது. எனக்கு வலித்தது தோள் இல்லை. இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது, மறைக்க மாட்டேன். டம்ளரை உதடு வரைக்கும் கொண்டுபோய்விட்டேன்.

அப்போது சட்டைப் பையில் போன் ஒரே ஒரு மணி அடித்து நின்றது. எடுத்துப் பார்த்தால் மாது அண்ணன் நம்பர். பக்கத்தில் நின்றவருக்கு ஒரு மணி. பந்தல் ஓரத்தில் ஒரு மணி. பதினாலு போனும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன.

டம்ளரைத் தரையில் கவிழ்த்துவிட்டுத் திருப்பி ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன். எல்லாரும் கொடுத்தார்கள். உள்ளே, அண்ணன் தலைமாட்டில், அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறகு அக்காவிடம் கேட்டேன். "பன்னெண்டு ஆச்சுன்னா அவரு கை சும்மா இருக்காதுங்க. இன்னிக்கி அவரால முடியல, அதான் நான் குடுத்தேன்" என்றார்.

நேற்று அந்த வேலையை அக்காவிடமிருந்து நான் வாங்கிக்கொண்டேன். அண்ணனிடமிருந்து எனக்கு மிச்சம் அந்தப் பன்னிரண்டு மணியும் அந்த அரை டம்ளரும்தான். இனி அந்த நேரத்துக்கு உங்களுக்கு வருவது என் மிஸ்டு கால். திருப்பிக் கொடுக்காதவன் வீட்டுக்கு பஸ் பிடித்து வந்துவிடுவேன். அண்ணன் இரண்டு உருண்டையோடு எழுந்துகொள்வார். நான் நாலு கேட்பேன்.