அடுப்புக்கு மேல் தொங்கிய வில்

வடிவு அக்கா என் கடையில் ஒரு தடவைகூட உட்கார்ந்தது கிடையாது. மலைமேல், புதூர்நாட்டில் பேருந்து திரும்பும் இடத்தில் இருக்கிறது கடை. ஜெராக்ஸ் எடுப்பேன், சான்றிதழுக்கு விண்ணப்பம் போடுவேன், போனில் பார்த்துப் பொருள் வாங்கத் தெரியாதவர்களுக்கு வாங்கிக் கொடுப்பேன். பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு போட்டிருக்கிறேன். அக்கா அவற்றைத் திரும்பியும் பார்க்க மாட்டார். வாசல் நிலையில் ஒரு கையை ஊன்றி, நின்றபடியே பேசுவார். அந்தக் கை இருக்கும் உயரத்தை வைத்து அன்றைக்கு எவ்வளவு எரிச்சல் என்று சொல்லிவிடலாம். தோளுக்குக் கீழே இருந்தால் பேச்சுக் கொடுக்கலாம். தலைக்கு மேலே போயிருந்தால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நான் கணினித் திரைக்குள் புகுந்துகொள்வேன்.

போன தை மாதம் முழுக்க அந்தக் கை தலைக்கு மேலேதான் இருந்தது. காரணம் ஒரு வில்.

அக்காவின் ஊர் நெல்லிவாசல் நாட்டில், பேருந்தை விட்டு இறங்கி முக்கால் மணி நேரம் நடக்கிற தூரத்தில். ஒரு சாமைக் கொல்லை, ஏழு புளியமரம். பதினான்கு வயதில் வயநாட்டுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவர். திருமணத்துக்குப் பிறகும் கணவரோடு போய்வந்துகொண்டிருந்தார். மகள் அருணாவைப் பள்ளியில் சேர்க்க வேண்டிய வயது வந்ததும் மலையோடு தங்கிவிட்டார். பேருந்துப் பலகை படிக்கிற அளவுக்கு எழுத்து தெரியும். போன் எண் எதையும் எழுதி வைப்பதில்லை. எல்லாம் மனப்பாடம். கூடையில் இரண்டிரண்டு காயாகப் போடுவதுபோல் எண்களைச் சொல்வார்.

அருணா உண்டு உறைவிடப் பள்ளியில் பதினோராம் வகுப்பு. வில் எய்வதில் பள்ளியிலேயே அவள்தான் முதல். பள்ளியில் இருந்த ஒரே வில்லை ஒன்பது பேர் முறைவைத்து இழுத்து, கைப்பிடிக்கு மேலே விரிசல் விட்டுவிட்டது. மாசி மாதம் மூன்றாவது ஞாயிறு வேலூரில் தேர்வு. எட்டுப் பேரை எடுப்பார்கள். எட்டுப் பேருக்கும் விளையாட்டு விடுதியில் தங்கிப் படிக்க இடம் கிடைக்கும். ஆனால் ஒவ்வொருவரும் சொந்த வில்லோடு வர வேண்டும் என்று விளையாட்டு ஆசிரியர் வெற்றிவேல் கடிதம் எழுதியிருந்தார். இந்தியாவில் செய்த மூங்கில் வில், மூங்கில் அம்பு. வேறு எதற்கும் அந்தப் பிரிவில் இடமில்லை.

கடிதத்தை இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

“வில்லு இல்லன்னா?”

“நிக்கவே வுட மாட்டாங்கக்கா.”

“மலை முச்சூடும் மூங்கிலு. ஒரு மூங்கிலு வில்லுக்கு வேலூர்லேர்ந்து கடுதாசி.” கை நிலையில் ஒரு சாண் ஏறியது. “அருணா அப்பன், எங்கூட்டாளு, நானே வெட்டிச் செஞ்சி தர்றேன்னுது. அது செஞ்ச ஏணியில நானே ஏறமாட்டேன். நீ போன்ல பாரு.”

பார்த்தேன். தேசியக் கொடி படம் போட்டு, இந்தியத் தயாரிப்பு, பாரம்பரிய மூங்கில் வில் என்று ஒன்று வந்தது. பணம் கட்டினோம். பன்னிரண்டு நாள் கழித்துப் பெட்டி வந்தது. உள்ளே மூங்கில் நிறத்தில் வண்ணம் அடித்த ஏதோ ஒரு பிளாஸ்டிக். கைப்பிடியில் கொடி ஸ்டிக்கர். அக்கா அதை நகத்தால் ஓரத்திலிருந்து சுரண்டினார். அடியில் சீன எழுத்து.

“ஸ்டிக்கர் வரிக்கும் இந்தியா,” என்றார்.

திருப்பி அனுப்பப் போன் போட்டால் ஒரு பெண் குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. அழுத்தினோம். மலை முகவரிக்கு வந்து எடுக்க ஆள் இல்லை என்றது. கொண்டுவந்து கொடுக்க மட்டும் ஆள் இருந்ததா என்று அக்கா கேட்டார். அது மறுபடி ஒன்றை அழுத்தச் சொன்னது.

அடுத்த நாள் திருப்பத்தூர் போய் விளையாட்டுச் சாமான் கடையில் கேட்டுவிட்டு வந்தார். கடைக்காரர், “நாடகத்துக்காம்மா? ராமர் வேசத்துக்கு இருக்குது, சரிகை சுத்துனது,” என்றாராம். அதைச் சொல்லும்போது அக்காவின் கை நிலையின் உச்சியைத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் ஏற நிலை இல்லை.

பிறகு சட்டென்று கையை இறக்கினார். “போன எடு. சொல்றேன், போடு.” இரண்டிரண்டாகப் பத்து எண் சொன்னார். காப்பித் தோட்டத்தில் கூட வேலை செய்த செல்லியின் எண். பேசிப் பதினோரு வருடம் ஆகிறதாம். செல்லி எடுத்தாள். செல்லியின் ஊருக்கு அடுத்த ஊரில் வில் செய்கிறவர் ஒருவர் இருந்தார். அவர் மலையாளத்தில் பேசினார். அக்கா தோட்டத்தில் கற்ற மலையாளத்தில், பாதி தமிழ் போட்டுப் பதில் சொன்னார். பெண்ணின் இரண்டு கையையும் விரித்து விரல் நுனிக்கு விரல் நுனி எவ்வளவு என்று அவர் கேட்டார். அடுத்த வாரம் அருணாவை என் கடைச் சுவரோரம் நிற்க வைத்து அளந்து சொன்னோம். இரண்டு வாரத்தில் வில்லும் எட்டு அம்பும் வந்துசேரும் என்றார். வெயிலில் வைக்கக் கூடாது, அம்பு இல்லாமல் இழுத்து விடக் கூடாது, இரண்டு மட்டும் நினைவில் வை என்றார்.

பெட்டி திருப்பத்தூர் கூரியர் அலுவலகத்தோடு நின்றுவிட்டது. மலைக்கு வராதாம். சரிபார்க்கும் எண் என் போனுக்கு வரும் என்பதால் நானும் அக்காவோடு போனேன். தேர்வுக்கு எட்டு நாள் இருந்த சனிக்கிழமை அது. பெட்டி அக்காவைவிட உயரம். பேருந்தில் அதைப் படுக்க வைத்தால் வழியை அடைத்தது, நிறுத்தினால் மேல் கம்பியில் இடித்தது. நடத்துநர் லக்கேஜ் என்றார்.

“இன்னாம்மா உள்ள, திரைச்சீலைக் கம்பியா?”

“வில்லு.”

“யார அடிக்கப் போற?”

“டிக்கெட் கேக்குறவங்கள.”

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். நடத்துநரும் சிரித்துவிட்டு, லக்கேஜுக்கும் சேர்த்தே சீட்டுக் கிழித்தார்.

அடிவாரச் சோதனைச் சாவடியில் ஏறிய காவலர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். வில்லும் அம்பும் என்றால் அவர் கேட்கத்தானே செய்வார். வெற்றிவேல் சாரின் கடிதத்தை அக்கா நீட்டினார். அவர் மேலிருந்து கீழாகப் படித்தார், கீழிருந்து மேலாகப் படித்தார். பேருந்தில் இருந்தவர்கள் எல்லாம் மணி பார்த்தார்கள். கடைசியில் ஆசை வந்து வில்லைக் கையில் எடுத்து நாணை ஏற்றி இழுத்தார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“சாரு. வெறுமன வுட்டா ஒடிஞ்சிடும். மெதுவா கொண்டாந்து வுடுங்க.”

காவலர் மெதுவாகக் கொண்டுவந்து விட்டார். அதற்கப்புறம் மேலே போகும்வரை ஒவ்வொரு வளைவிலும் அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டே நின்றார். இடம் கொடுத்தவர்களிடம், “நீங்க குந்துங்க, நான் குந்துனா இது சாஞ்சிடும்,” என்றார்.

வெற்றிவேல் சார் வெளியூர் போயிருந்தார். புதன்கிழமை வந்து அம்புகளைச் சரிபார்த்துப் பயிற்சி தொடங்குவதாகவும், அதுவரை வில் வீட்டில் இருக்கட்டும் என்றும் சொல்லியிருந்தார். வில் வீட்டில் இருந்தது. அக்கா புளி உலுக்கப் போய்விட்டார். ஞாயிறு, திங்கள், செவ்வாய்.

செவ்வாய் பிற்பகல் அக்கா வந்தார். இந்தத் தடவை நிலையில் கை வைக்கவில்லை. இரண்டு கையிலும் வில் இருந்தது. பின்னால் பத்தடி தள்ளி அவர் கணவர், சின்னக்குழந்தை மாமா, துண்டைக் கையில் சுருட்டியபடி நின்றார்.

வில் கறுத்திருந்தது. வில்லின் மேல்பாதியும் கைப்பிடியும் சேரும் இடத்தில் பசை உருகிப் பிரிந்து, சுற்றியிருந்த நூல் தளர்ந்து, ஒரு விரல்நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. புகை வாசனை கடை முழுக்க ஏறியது.

எங்கள் மலையில் மூங்கிலில் செய்த எது புதிதாக வீட்டுக்குள் வந்தாலும், கூடையோ முறமோ கோழி மூடும் கொட்டாப்போ, முதலில் அடுப்புக்கு மேலே மூன்று நாள் கட்டித் தொங்கவிடுவார்கள். புகை ஏறினால் பூச்சி அரிக்காது. சின்னக்குழந்தை மாமா வெந்நீர் போடும் பின்கட்டு அடுப்புக்கு மேலே வில்லைக் கட்டி, பச்சை விறகாகப் பார்த்து வைத்திருக்கிறார். சமையல் முன்பக்கம் கேஸ் அடுப்பில் என்பதால் அக்கா அந்தப் பக்கமே போகவில்லை.

“வெயில்ல வெக்காதன்னியே, வெயில்லயா வெச்சேன்?” என்றார் மாமா, அங்கிருந்தபடியே. “வூட்டுக்குள்ளதான வெச்சேன்.”

அக்கா திரும்பவில்லை. என்னிடம், “கேட்டியா,” என்றார். “கேட்டுக்கோ. நாளிக்கு எவனாவது கேட்டா நீ சாட்சி.”

“இவ்ளோ காசு குட்த்து வாங்கனது, மூணு மாசத்துல பொடியா கொட்டிடும்னுதான்...”

“ஞாயித்துக்கெழம ஒரு நாளு இருந்தா போதும் மனுசா. ஒரே ஒரு நாளு. உன் பூச்சி அதுக்குள்ள வந்துடுமா?”

வில்காரருக்கு வீடியோவில் காட்டினோம். கடைக்குள் படம் உறைந்து நின்றதால், பேருந்து திரும்பும் திட்டின்மேல் ஏறி நின்று காட்டினோம். அவர் கிட்டக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். அக்கா போனைத் திருப்பி மாமாவைக் காட்டினார். மாமா கும்பிட்டார்.

மூங்கில் வெடிக்கவில்லை, கைப்பிடி சேரும் பூட்டு மட்டும்தான் விட்டிருக்கிறது என்றார் வில்காரர். பழைய பசையைச் சுரண்டி, தச்சர்கள் வைத்திருக்கும் பசையைத் தடவி, பருத்தி நூலை இடைவெளி விடாமல் இறுக்கிச் சுற்றி, நிழலில் மூன்று நாள். இழுவை குறையும், அம்பு முன்புபோல் தூரம் போகாது. அதற்குத் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

நூல் சுற்றும் வேலையை மாமாதான் செய்தார். ஏணியில் அவருக்குக் கை வராது. ஆனால் மரம் ஏறுகிறவர், கயிறும் முடிச்சும் அவர் விரலுக்குத் தெரியும். என் கடை வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சுற்றினார். அக்கா மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இறுக்கு.”

“இறுக்கிக்கினுதான் கீறேன்.”

“பேசுற நேரத்துல இன்னும் ஒரு சுத்து சுத்தலாம்.”

காய்வதற்கு வில்லை என் கடையிலேயே வைத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்ற பேச்சே எழவில்லை. வெள்ளி மாலை அருணா வந்து எடுத்துப் போனாள். அவளுக்குப் பயிற்சிக்குக் கிடைத்தது சனிக்கிழமை ஒரு நாள், அதுவும் பள்ளித் திடலின் குறுகிய தூரத்தில்.

“அங்க எதனா கடுதாசி நீட்டுவாங்க, நீயும் வா,” என்று அக்கா சொன்னதால் அவர்கள் மூன்று பேரோடும் வேலூருக்கு நானும் போனேன். வில்களைச் சோதித்த மேசையில் இருந்தவர் அருணாவின் வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். இரும்பு இல்லை, குறிக்கருவி இல்லை, போகலாம் என்றார். பக்கத்தில் நின்ற பெண்களின் வில்லெல்லாம் மஞ்சளாக மின்னின. இது மட்டும் அடுப்பங்கரையிலிருந்து நேராக எழுந்து வந்ததுபோல் இருந்தது.

முதல் மூன்று அம்பும் பலகைக்குக் கீழே தரையில் குத்தின. அக்கா கம்பித் தடுப்பைப் பிடித்திருந்தார். இரண்டு கையும். நான்காவது அம்புக்கு அருணா பலகையின் உச்சிக்கும் மேலே, பின்னால் நின்ற வேப்பமரத்தின் கிளையைக் குறிவைத்தாள். அம்பு வளைந்து இறங்கி மஞ்சள் வட்டத்தின் ஓரத்தில் நின்றது. அதற்குப் பிறகு அவள் அந்தக் கிளையை விடவே இல்லை.

பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். அருணா ஒன்பதாவது. எட்டாவது பெண்ணுக்கும் அவளுக்கும் இடையில் நான்கே புள்ளி. தரையில் குத்திய மூன்று அம்பில் ஒன்று பலகையின் நடுப்பக்கம் குத்தியிருந்தாலும் போதும். திரும்பி வரும் பேருந்தில் மாமா கடைசி இருக்கையில் தனியாக உட்கார்ந்திருந்தார். எட்டில் யாராவது வராவிட்டால் கூப்பிடுவோம் என்று எழுதி வாங்கிய எண் என் கடை எண்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே அக்கா வந்து நின்றார்.

“வயநாட்டுக்குப் போடு. இன்னொன்னு சொல்லணும்.”

“அக்கா, கூப்புடுவாங்களான்னு தெரியாம...”

“கூப்புட்டா அன்னிக்கு ஸ்டிக்கர சொரண்டிக்கினு நிக்கச் சொல்றியா? போடு. பொட்டிய என் வூட்டு விலாசத்துக்கு வேணாம். உன் கடைக்கு. வந்தா நீ வெச்சிக்கோ. எங்கூட்டாளு வந்து கேட்டா குடுக்காத. அழுதாலும் குடுக்காத.”

பங்குனி கடைசியில் வேலூரிலிருந்து கூப்பிட்டார்கள். எட்டில் ஒரு பெண் வேறு ஊர் விடுதிக்குப் போய்விட்டாளாம். ஜூன் முதல் வாரம், சொந்த வில்லோடு. அக்காவிடம் சொன்னேன். நிலையில் இருந்த கை மெல்ல இறங்கி இடுப்புக்கு வந்தது. “அந்தப் பொண்ணு மின்னாடியே போய்த் தொலைஞ்சிருந்தா எனக்கு ஒரு மாசம் தூக்கமாவது மிச்சம்,” என்றார். நாற்காலியைப் பார்க்கக்கூட இல்லை. புளி தட்ட ஆள் வந்திருப்பார்கள் என்று போய்விட்டார்.

இரண்டாவது வில் இப்போது என் கடையில், ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பின்னால் நிற்கிறது. இரண்டு நாளைக்கு ஒரு தடவை சின்னக்குழந்தை மாமா வருகிறார். நாற்காலியில் உட்கார்ந்து, டீ சொல்லி, மழை பற்றிப் பேசுகிறார். கண் மட்டும் இயந்திரத்துக்குப் பின்னால். நேற்று எழுந்து போய் வில்லைக் கட்டைவிரலால் தடவி, விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“பொடி மாதிரி ஒண்ணு தெரியுதே.”

“அது ஜெராக்ஸ் மை, மாமா.”

“ஒரே ஒரு நாளு குடுப்பா. பச்ச வெறகு வெக்கல. அடுப்புக்கு மேல இல்ல, பக்கத்துலதான்.”

“அக்காவக் கேளுங்க.”

அவர் வாசல் நிலையைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அரை நாளு?”